நிறையும் உறுதியும்: வீட்டுப் பட்டறையில் வளர்ந்த வானொலி மாதிரி விமானத்தின் வரலாறு

மனிதன் வானிற் பறந்த வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசுகளையும் படைகளையும் பெருந் தொழிற்சாலைகளையும் மையமாகக் கொண்டே அதனை எழுதியுள்ளனர். 1903 ஆம் ஆண்டில் ரைற் சகோதரர் பெற்ற வெற்றி, இரு உலகப் போர்களில் விமானம் பெற்ற வளர்ச்சி, பின்னர் தாரை விமானங்களின் வருகை என்ற ஒழுங்கில் அவ்வரலாறு அமைவதுண்டு. ஆயின், அதே காலத்தில், வீட்டின் பின்புறத்து அறையிலும் உணவு மேசையின் மீதும் பசையும் மரச்சலாகையும் கொண்டு உருவாக்கப்பட்ட சிறு விமானங்களின் வரலாறு ஒன்றும் உண்டு. அது விளையாட்டுப் பொருள் பற்றிய செய்தியாகக் கருதப்பட்டமையால் ஆய்வாளரின் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. பொறியியலின் அடிப்படைப் பிரச்சினைகளுள் ஒன்று அச்சிறு விமானங்களின் வாயிலாகவே மிகத் தெளிவாகப் புலப்பட்டது என்பதை நோக்குமிடத்து, இவ்வலட்சியம் நியாயமானதன்று என்பது விளங்கும்.

அப்பிரச்சினை உறுதி பற்றியது. தரையில் நிற்கும் ஒருவர் வானொலி அலைகளின் துணையால் ஆளில்லாத ஒரு சிறு விமானத்தை இயக்குகின்றார். அவர் விமானத்தினுள் இல்லை. காற்றின் தள்ளுகையை அவர் உடலால் உணர்வதில்லை. விமானம் தம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் அவர் கண்ணுக்கு மாறித் தோன்றுகின்றன. எனவே அவர் தவறிழைப்பார், விமானம் வீழும். வீழ்தல் என்பது இங்கு விதிவிலக்கன்று. பயிற்சியின் ஒரு பகுதியாகும். அவ்வாறாயின், பலமுறை வீழ்ந்தும் மீண்டும் பறக்கக்கூடிய விமானத்தை வீட்டிலேயே அமைப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு எவர் மனத்திலும் முதலில் எழும் விடை, தடித்த மரத்தையும் கனத்த உலோகத்தையும் பயன்படுத்தி அதனை வலுவாக்க வேண்டும் என்பதாகும். மாதிரி விமானத்தின் வரலாறு இவ்விடை தவறானது என்பதைப் படிப்படியாக உணர்ந்துகொண்ட வரலாறு என்றே கூறலாம்.

பெனோவும் தன்னைத் தானே திருத்தும் விமானமும்

இவ்வரலாற்றின் தொடக்கத்திற் குறிப்பிடத்தக்கவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த அல்போன்சு பெனோ என்பவராவார். 1850 ஆம் ஆண்டிற் பிறந்த இவர் இடுப்பு நோயால் இளமையிலேயே பாதிக்கப்பட்டவர். பறத்தலின் இயல்பை அறியும் பொருட்டு இவர் தேர்ந்துகொண்ட கருவி மிக எளியது: முறுக்கப்பட்ட இறப்பர் நாடா. முறுக்கு அவிழும்போது அது ஒரு சிறு விசிறியைச் சுழற்றும். விசிறி விமானத்தை உந்தும். 1871 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் பாரிசு நகரத்துத் துய்லெரி பூங்காவில், இவர் அமைத்த சிறு விமானம் சுமார் 11 வினாடிகள் வானில் நின்று ஏறத்தாழ 40 மீற்றர் தூரம் பறந்தது.

தூரமும் நேரமும் அற்பமானவையாகத் தோன்றலாம். ஆயின், அவ்விமானத்தின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அதன் சிறகுகளின் நுனிகள் மேல்நோக்கி வளைந்திருந்தன. பிரதான சிறகுக்குப் பின்னால் மிகவும் தள்ளி, சற்றே கீழ்நோக்கிய சாய்வுடன் ஒரு சிறு வாற்சிறகு பொருத்தப்பட்டிருந்தது. காற்று விமானத்தைப் பக்கமாகச் சாய்த்தால் வளைந்த நுனிகள் அதனை நிமிர்த்தின. மூக்கு மேலெழுந்தாலோ தாழ்ந்தாலோ வாற்சிறகு அதனைச் சமநிலைக்குக் கொணர்ந்தது. செலுத்துவோர் எவருமின்றியே தன் நிலையைத் தானே திருத்திக்கொள்ளும் இயல்பு இவ்வாறு விமானத்தின் வடிவத்திலேயே பொதிந்து வைக்கப்பட்டது. உறுதிக்கு முதலாவது பொருளை வழங்கியவர் பெனோ எனலாம்: வீழ்ச்சியைத் தாங்குவதற்கு முன்னர், வீழாதிருக்கும் இயல்பை வடிவத்தினாற் பெறுதல் வேண்டும். இன்று பயிற்சி பெறுவோருக்கென அமைக்கப்படும் வானொலி விமானங்களிலும் சிறகுகள் நடுவிலிருந்து நுனிநோக்கிச் சற்றே உயர்ந்திருப்பதைக் காணலாம். கற்பவர் குழப்பமுற்றுக் கட்டுப்பாட்டுக் கோலை விட்டுவிட்டால், விமானம் தானாகவே நிமிர்வதற்கு அவ்வமைப்பே காரணமாகும்.

பெனோவின் முடிவு துயரமானது. மனிதரைச் சுமக்கும் பெரிய விமானம் ஒன்றுக்கு 1876 ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றிருந்தபோதிலும், அதனை அமைப்பதற்கு வேண்டிய பொருளுதவி அவருக்குக் கிட்டவில்லை. 1880 ஆம் ஆண்டில், முப்பதாவது வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எனினும், அவருடைய இறப்பர் நாடா அவரோடு அழிந்துவிடவில்லை.

ஒரு விளையாட்டுப் பொருளும் ஒரு விதியும்

பெனோவின் கருத்தைத் தழுவி அமைக்கப்பட்ட, இறப்பர் நாடாவினால் மேலெழும் விளையாட்டுப் பொருள் ஒன்றை 1878 ஆம் ஆண்டில் மில்ரன் ரைற் என்ற அமெரிக்கச் சமயகுரு தம் புதல்வர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வில்பரும் ஓர்வில்லும் அது உடையும்வரை விளையாடினர். உடைந்தபின் அதனைப் போன்றவற்றைத் தாமே செய்தனர். பின்னர் மேலும் பெரிதாகச் செய்ய முயன்றபோது, அவை எதிர்பார்த்தவாறு பறக்கவில்லை. நீள அளவுகளை இரட்டித்தால் அதனைப் பறக்கச் செய்வதற்கு வேண்டிய வலு எட்டு மடங்காக உயர்கின்றது என்பதைத் தாம் அக்காலத்தில் அறிந்திருக்கவில்லை எனப் பிற்காலத்தில் அவர்கள் எழுதினர்.

சிறுவர் இருவர் கண்ட இத்தோல்வியின் பின்னால் அளவு பற்றிய ஒரு பொது விதி அமைந்துள்ளது. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் ஆகியன இரட்டிக்கும்போது அதன் பரப்பு நான்கு மடங்காகின்றது. கனவளவும் அதனோடு நிறையும் எட்டு மடங்காகின்றன. சிறகு தரும் உயர்த்தும் விசை பரப்பையே சார்ந்திருப்பதால், அது நிறையின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க மாட்டாது. சிறிய விமானம் பெரிய விமானத்திலும் எளிதிற் பறப்பதற்கும், வீழ்ந்தாற் குறைவாகச் சேதமுறுவதற்கும் இதுவே அடிப்படையாகும்.

இவ்விதியை வீழ்ச்சியோடு பொருத்தி நோக்கின் மற்றுமோர் உண்மை வெளிப்படும். மட்டமாகப் பறக்கும் விமானத்தின் வேகத்தின் வர்க்கம், அதன் நிறையைச் சிறகின் பரப்பால் வகுத்து வரும் அளவுக்கு விகிதசமமானது. மோதலின்போது வெளிப்படும் இயக்கச் சக்தியோ திணிவும் வேகத்தின் வர்க்கமும் சேர்ந்த பெருக்கத்தைச் சார்ந்தது. இவ்விரண்டையும் இணைப்பின், சிறகின் பரப்பு மாறாதிருக்கும்போது, மோதலின் சக்தி நிறையின் வர்க்கத்துக்கு விகிதசமமாகும். அதாவது, வலுவூட்டும் நோக்குடன் விமானத்தின் நிறையை இரட்டித்தால், அது தரையில் மோதும்போது தாங்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகின்றது. நிறையை அரைப்பங்கு கூட்டினாலும் அச்சக்தி 2.25 மடங்காகின்றது. உறுதிக்கெனச் சேர்க்கப்பட்ட மரமே விமானத்தை உடைக்கும் காரணமாகின்றது. மயிலிறகேயாயினும் அளவுக்கு மீறி ஏற்றப்படின் வண்டியின் அச்சு முறியும் என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த உண்மை. அது வானத்துக்கும் பொருந்துவதாயிற்று.

இரட்டையர் அமைத்த விமானம்

இறப்பர் நாடாவினாலோ சிறு எஞ்சினினாலோ இயங்கிய விமானங்கள் கையை விட்டகன்றபின் காற்றின் போக்கிற் சென்றன. அவற்றைத் தரையிலிருந்து கட்டுப்படுத்தும் எண்ணம் வானொலியின் வளர்ச்சியோடு தோன்றியது. 1898 ஆம் ஆண்டிலேயே நிக்கொலா தெசுலா நியூயோர்க் நகரில் வானொலியால் இயங்கும் சிறு படகொன்றைக் காட்சிப்படுத்தியிருந்தார். ஆயின், படகுக்கு நிறை பெருஞ் சுமையன்று. நீர் அதனைத் தாங்கும். விமானத்துக்கு நிறையே முதற் பகை. அக்காலத்து வானொலி வாங்கிகள் கண்ணாடிக் குழாய் வால்வுகளைக் கொண்டவை. அவற்றை இயக்குதற்குத் தாழ்ந்த மின்னழுத்தம் ஒன்றும் உயர்ந்த மின்னழுத்தம் ஒன்றுமாக இருவகை மின்கலவடுக்குகள் வேண்டப்பட்டன. மூங்கிலும் பல்சா மரமும் கொண்டு அமைந்த மெல்லிய கூட்டினுள் இச்சுமையை ஏற்றுவது எளிய செயலன்று.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் வாழ்ந்த வால்ரர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் இதனைச் சாதித்தோருள் முதன்மையானவர். வால்ரர் மாதிரி விமானங்களை அமைப்பதில் தேர்ந்தவர். வில்லியம் பொழுதுபோக்கு வானொலியில் ஈடுபாடு கொண்டவர். இருவரும் கல்லூரி மாணவராய் இருந்த 1937 ஆம் ஆண்டில், ஒருவரின் திறன் மற்றவரின் திறனோடு இணைந்து ‘கவ்’ என்ற பெயருடைய விமானம் உருவாயிற்று. அதன் சிறகின் நீளம் 8 அடி. வானொலிச் சுமையைத் தாங்குவதற்கு அவர்கள் மரத்தைத் தடிப்பாக்காது சிறகின் பரப்பைப் பெருக்கினர் என்பது ஈண்டுக் கவனிக்கத்தக்கது. பரப்புப் பெருகியமையால் விமானம் மெதுவாகப் பறந்தது. மெதுவாகப் பறந்தமையாற் கட்டுப்படுத்துவோருக்குச் சிந்திக்க நேரம் கிடைத்தது. தரையிறங்கும்போது ஏற்படும் அதிர்ச்சியும் குறைந்தது.

அவர்கள் காலத்து விமானங்கள் பலவற்றில் வானொலி செய்த வேலை மிகக் குறைவானது. எஞ்சினின் வேகத்தையோ சிறகின் நிலையையோ மாற்றும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை. பெரும்பாலும் வாலிலுள்ள சுக்கானை மாத்திரமே அது அசைத்தது. அதனையும் நேரடியாக அசைக்கவில்லை. முறுக்கிய இறப்பர் நாடா ஒன்று சிறு சக்கரத்தைச் சுழற்ற முயன்றுகொண்டிருக்கும். ஒரு மின்காந்தம் அதனைத் தடுத்து நிற்கும். தரையிலிருந்து சைகை வந்ததும் மின்காந்தம் தடையை ஒருபடி விடுவிக்கும். சக்கரம் காற்பங்கு சுழன்று சுக்கானை வலப்புறம் திருப்பும். சைகை நின்றதும் அடுத்த காற்பங்கு சுழன்று சுக்கான் நடுநிலைக்கு வரும். மீண்டும் சைகை வந்தால் இடப்புறம். பெனோவின் இறப்பர் நாடா உந்துவிசையைத் தரும் பணியிலிருந்து நீங்கி, கட்டளையை நிறைவேற்றும் பணியை இவ்வாறு மேற்கொண்டது. எஞ்சிய சமநிலை முழுவதையும் விமானத்தின் வடிவமே பேண வேண்டியிருந்தது. ஆகவே, வானொலி வந்தபின்னும் பெனோவின் பாடம் கைவிடப்படவில்லை. அதன் மீதே வானொலி ஏறி அமர்ந்தது.

1937 ஆம் ஆண்டில் டிற்றோயிற் நகரில் வானொலி விமானங்களுக்கான முதலாவது தேசியப் போட்டி நடைபெற்றது. பங்குபற்றியோர் மிகச் சிலரே. செஸ்ரர் லான்சோ என்பவர் அதில் முதலிடம் பெற்றார். குட் சகோதரரின் விமானம் பின்னர் நடைபெற்ற போட்டிகளில் வெற்றி பெற்றதுடன், இன்று அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பிலும் இடம்பெற்றுள்ளது. மாணவர் இருவர் தம் கையால் ஒட்டிய மரச்சலாகைகள் பெரும் விமானங்களோடு ஒருங்கே பேணப்படுதல் சிறிய பெருமையன்று.

பிரிந்து சென்ற பாதை

இவ்விடத்தில் இவ்வரலாறு இரு பாதைகளாகப் பிரிகின்றது. இங்கிலாந்திற் பிறந்து ஹொலிவூட் திரைப்படங்களில் நடித்துப் புகழ்பெற்ற ரெஜினோல்ட் டெனி, மாதிரி விமானங்களில் ஆர்வங்கொண்டு 1930களில் அவற்றுக்கென ஒரு விற்பனை நிலையத்தை நடத்தினார். விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையினருக்குக் குறிபார்க்கும் பயிற்சி அளிப்பதற்கு வானொலி மாதிரி விமானங்களைப் பயன்படுத்தலாம் என்று அவர் அமெரிக்கப் படையினரை இணங்கச் செய்தார். அவருடைய நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அத்தகைய விமானங்களை ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்தது. இன்றைய ஆளில்லாப் போர் விமானங்களின் முன்னோடிகளுள் அவையும் அடங்கும்.

ஒரே மரபில் தோன்றிய இரு விமானங்களும் உறுதி என்ற சொல்லுக்கு முற்றிலும் மாறான பொருளைக் கொண்டிருந்தன. வீட்டில் அமைந்த விமானம் பல ஆண்டுகள் பறக்க வேண்டும் என்பது அதனை அமைத்தவரின் விருப்பம். படைக்கு வழங்கப்பட்ட விமானமோ சுட்டு வீழ்த்தப்படுவதற்கென்றே அமைக்கப்பட்டது. ஒன்றில் அழிவு தோல்வி. மற்றதில் அழிவு பயன். தொழில்நுட்பம் ஒன்றாயினும் அதனை ஆள்வோரின் நோக்கம் அதன் வடிவத்தையும் மதிப்பையும் மாற்றுகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும். அமெரிக்கா போரில் இறங்கியதும் அந்நாட்டிற் பொழுதுபோக்கு வானொலி நிலையங்களின் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. வீட்டு விமானங்களும் அதனோடு தரையில் நின்றன. போர் முடிந்த பின்னரே இரண்டாவது பாதையினின்றும் விலகி முதலாவது பாதை மீண்டும் தொடர்ந்தது.

இணங்கிக் கொடுத்தலின் அறிவியல்

போருக்குப் பின்னர் வந்த மூன்று தசாப்தங்களும் மாதிரி விமானத்துக்கு வளமான காலமாகும். 1947 ஆம் ஆண்டின் இறுதியிற் பெல் ஆய்வுகூடத்திற் கண்டுபிடிக்கப்பட்ட திரான்சிற்றர், வால்வுகளையும் கனத்த மின்கலவடுக்குகளையும் படிப்படியாக அகற்றியது. தேர்வெழுதி உரிமம் பெறாதோரும் பயன்படுத்தக்கூடிய மீடிறன்கள் ஒதுக்கப்பட்டன. 1960களில், தரையிலுள்ளவர் கோலை எவ்வளவு அசைக்கின்றாரோ அவ்வளவுக்கு ஏற்பச் சுக்கானும் அசையும் விகிதசமக் கட்டுப்பாடு பரவியது. இம்மாற்றங்கள் அனைத்தையும் பிணைப்பது ஒன்றே: ஒவ்வொன்றும் விமானத்திலிருந்து நிறையைக் குறைத்தது அல்லது தவறுக்கான வாய்ப்பைக் குறைத்தது.

இதே காலத்தில் வீட்டுப் பட்டறைகளில் உறுதிக்கான நுட்பங்கள் பலவும் வழக்கத்துக்கு வந்தன. அவை நூல்களிலிருந்து மாத்திரம் வந்தவையல்ல. உடைந்த விமானங்களைப் பொறுக்கியெடுத்து, எங்கு முறிந்தது, ஏன் முறிந்தது என்று ஆராய்ந்தோரின் அனுபவத்திலிருந்தும் வந்தவை. அவற்றுள் மூன்றை இங்கு நோக்கலாம்.

முதலாவது, பொருளின் அளவைக் கூட்டாது அதனை வைக்கும் இடத்தால் வலிமை பெறுதல். ஒரு சலாகையின் அகலத்தை இரட்டித்தால் வளைவைத் தாங்கும் அதன் வலிமை இரட்டிக்கும். அதே அளவு மரத்தை உயரத்திற் சேர்த்தால் வலிமை நான்கு மடங்காகும். விறைப்பு எட்டு மடங்காகும். ஆதலின், சிறகின் நடுவே ஒரு கனத்த மரக்கட்டையை வைப்பதிலும், மேற்பரப்பின் அருகே ஒன்றும் கீழ்ப்பரப்பின் அருகே ஒன்றுமாக இரு மெல்லிய சலாகைகளை வைத்து, இடையே மெல்லிய பலகையால் இணைப்பது பன்மடங்கு சிறந்தது. பல்சா மரத்தின் மதிப்பும் இத்தகையதே. தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிலிருந்து பெருமளவில் வரும் இம்மரம் மிக இலேசானது. ஆயினும், இழைகளின் திசையிற் கணிசமான விசையைத் தாங்கவல்லது. இழையின் திசையை அறியாது வெட்டுவோனுக்கு அது நொய்ந்த மரம். அறிந்தவனுக்கு அது வலிய மரம்.

இரண்டாவது, விட்டுக்கொடுத்தலால் உறுதி பெறுதல். மோதலின் சக்தி எவ்வளவு தூரத்தில் உறிஞ்சப்படுகின்றதோ, அதற்கேற்ப விசை குறையும். சிறகை உடற்பகுதியோடு பசையால் ஒட்டிவிட்டால், சிறகின் நுனி ஒரு புதரிற் பட்டாலும் முழு விசையும் பொருத்தில் தாக்கி அதனை முறிக்கும். சிறகை இறப்பர் நாடாக்களாற் கட்டினால், அது வழுகி நகரும் அல்லது கழன்று விழும், முறியாது. உலோக ஆணிக்குப் பதிலாக நைலோன் ஆணியைப் பொருத்துவோரின் கருத்தும் இதுவே. சிறு விலையுடைய ஆணி அறுந்து, பல நாளுழைப்பாலாகிய சிறகைக் காக்கின்றது. 1990களிற் பரவிய, நசுங்கியபின் மீண்டும் பழைய வடிவத்தை அடையும் நுரைப் பிளாஸ்ரிக்கு இக்கருத்தின் முழுமையான வெளிப்பாடாகும். மோட்டார் வாகனங்களின் மோதல் தாங்கிகளிற் பயன்படும் அதே பொருள் மாதிரி விமானத்தின் சிறகாயிற்று.

மூன்றாவது, திருத்தற்கு எளிதாயிருத்தல். எத்துணை கவனமாக அமைத்தாலும் சில பாகங்கள் முறியவே செய்யும். முறிந்த பாகத்தை எளிதில் எட்டவும் வெட்டவும் மீள ஒட்டவும் கூடியதாக விமானம் அமைந்திருப்பின் அதன் ஆயுள் நீளும். 1942 ஆம் ஆண்டிற் கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹரி கூவர் என்பவரின் ஆய்வின்போது தற்செயலாகத் தெரியவந்து, 1958 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த விரைவாக ஒட்டும் பசை, பின்னர் மாதிரி விமானம் அமைப்போரின் கைப்பையில் நிலையான இடத்தைப் பெற்றது. முன்னர் ஓரிரவு காத்திருந்து செய்த திருத்தத்தைப் பறக்கும் திடலிலேயே சில நிமிடங்களிற் செய்ய முடிந்தது. உறுதி என்பது உடையாமை மாத்திரமன்று. உடைந்தபின் மீண்டெழும் ஆற்றலும் அதனுள் அடங்கும் என்ற தெளிவு இவ்வாறு முழுமை பெற்றது.

அத்திலாந்திக்கைக் கடந்த விமானம்

இம்மரபின் சிகரமாக ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். மேனாட் ஹில் என்ற அமெரிக்கர் 1926 ஆம் ஆண்டிற் பிறந்தவர். உலோகவியல் பயின்று, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரயோக பௌதிக ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர். கலமசூ இரட்டையருள் ஒருவரான வால்ரர் குட்டும் பௌதிகவியலாளராக அதே ஆய்வுகூடத்திற் பணிபுரிந்தவரே. ஹில் தம் ஓய்வு நேரத்தில் மாதிரி விமானங்களை அமைத்து, உயரம், தூரம், நேரம் ஆகியவற்றில் உலக சாதனைகள் பலவற்றை ஏற்படுத்தினார். 1970 ஆம் ஆண்டில் அவருடைய மாதிரி விமானம் ஒன்று 8,000 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தை எட்டியது.

முதுமையிற் பார்வையும் செவிப்புலனும் பெரிதும் குன்றிய நிலையில், அவர் அத்திலாந்திக் சமுத்திரத்தை ஒரு மாதிரி விமானத்தாற் கடக்கும் முயற்சியை மேற்கொண்டார். சர்வதேச விதிகளின்படி மாதிரி விமானம் எரிபொருளோடு சேர்த்து 5 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. கடக்கவேண்டிய தூரமோ 3,000 கிலோமீற்றருக்கும் அதிகம். எனவே விமானத்தின் கூடு, எஞ்சின், வழிகாட்டும் கருவி அனைத்தையும் ஏறத்தாழ அரைப்பங்கு நிறையினுள் அடக்கி, எஞ்சிய அரைப்பங்கை எரிபொருளுக்கு ஒதுக்க வேண்டியதாயிற்று. வலுவூட்டுவதற்கெனச் சேர்க்கப்படும் ஒவ்வொரு கிராம் மரமும் ஒரு கிராம் எரிபொருளை வெளியேற்றும். எரிபொருள் குறைந்தால் விமானம் கரையை அடையாது. நிறைக்கும் உறுதிக்கும் இடையிலான பழைய வழக்கு இத்துணைக் கடுமையாக இதற்கு முன் எழுந்ததில்லை.

பல்சா மரத்தாலும் மெல்லிய பிளாஸ்ரிக் படலத்தாலும் ஆன அவ்விமானத்தின் சிறகு சுமார் 1.8 மீற்றர் நீளமுடையது. கடையில் விற்கப்படும் 10 கன சென்ரிமீற்றர் எஞ்சினை மாற்றியமைத்து, விளக்கெரிக்கும் தூய எரிநெய்யில் இயங்கச் செய்தனர். 3.5 லீற்றரளவான எரிபொருள் முப்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் அதனை இயக்க வேண்டும்; அதாவது மணிக்கு ஒரு தேநீர்க் கோப்பையளவும் செலவாகலாகாது. செய்மதிகளின் துணையால் இடமறியும் கருவி விமானத்தைத் தானே வழிநடத்தியது. 2002 ஆம் ஆண்டின் முயற்சிகள் தோல்வியுற்றன. 2003 ஓகஸ்ற் மாதத்தில் முதலில் அனுப்பப்பட்ட விமானமும் கரைசேரவில்லை. ஹில்லும் அவருடைய துணைவரும் அடுத்ததை ஆயத்தப்படுத்தினர்.

2003 ஓகஸ்ற் 9 ஆந் திகதி மாலை கனடாவின் நியூபவுண்ட்லாந்திலுள்ள ஸ்பியர் முனையிலிருந்து அவ்விமானம் கையால் வீசிப் பறக்கவிடப்பட்டது. 38 மணி 52 நிமிடங்களின் பின்னர், ஓகஸ்ற் 11 ஆந் திகதி பிற்பகல், அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள மனின் கடற்கரையின் மேல் அது தோன்றியது. அங்கு காத்திருந்த டேவ் பிரவுண் என்பவர் கட்டுப்பாட்டை ஏற்று அதனைத் தரையிறக்கினார். தாங்கியில் எஞ்சியிருந்த எரிபொருள் சில மேசைக்கரண்டி அளவே. 1919 ஆம் ஆண்டில் அல்கொக், பிரவுண் என்ற இருவர் முதன்முதலாக இடையில் எங்கும் நில்லாது அத்திலாந்திக்கைக் கடந்தபோது வந்திறங்கிய சதுப்பு நிலம் அக்கடற்கரைக்கு அண்மையிலேயே உள்ளது. ஹில்லின் விமானம் அவர்கள் சென்ற வழியையே ஏறக்குறையப் பின்பற்றியது. அதற்கு இடப்பட்ட பெயர், முன்னோட்டப் பறப்புகளுக்கு இடமளித்த ஒரு விவசாயப் பண்ணையின் பெயராகும். விமானம் வானிலிருந்த நேரத்தில் ஹில்லுக்கு வயது 77. தாம் அமைத்த விமானத்தைத் தெளிவாகக் காணும் பார்வை அவருக்கு அப்போது இருக்கவில்லை; அவர் விரல்கள் அதனை அறிந்திருந்தன.

வரலாறு உணர்த்துவன

இவ்வரலாற்றிலிருந்து வீட்டுப் பட்டறை ஆய்வுகூடத்திலும் மேலானது என்ற முடிவுக்கு வருதல் பொருந்தாது. திரான்சிற்றரும் செய்மதியும் பசையும் பெரிய நிறுவனங்களிலிருந்தே வந்தன. குட்டும் ஹில்லும் முறையாக விஞ்ஞானம் பயின்றோரே. அவர்கள் ஆய்வுகூடத்திற் கற்றதை வீட்டுக்குக் கொண்டுசென்றனர். வீட்டில் உடைந்தவற்றிலிருந்து கற்றதை மீண்டும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தனர். இரண்டுக்கும் இடையிலிருந்த வாயில் திறந்திருந்தமையே அவர்களுடைய வெற்றிக்குக் காரணம் எனலாம். நூலறிவு வேறு கைத்தொழில் வேறு எனப் பிரித்து, முன்னதைப் பல்கலைக்கழகத்துக்கும் பின்னதைப் பட்டறைக்கும் உரியதாக்கும் மனப்பான்மை நிலவும் சமூகங்கள் இவ்வாயிலைத் தாமே அடைத்துக்கொள்கின்றன.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. பெரும் விமானத்தை அமைப்போன் தவறிழைக்க அஞ்ச வேண்டும். அத்தவறில் மனித உயிர் உள்ளது. மாதிரி விமானத்தை அமைப்போன் தவறிழைக்கலாம்; இழப்பது சில மரச்சலாகைகளையும் சில இரவுகளின் உழைப்பையுமே. தவறுக்கு இடமளிக்கும் இச்சுதந்திரமே பெனோவையும் குட் சகோதரரையும் ஹில்லையும் கற்கச் செய்தது. பெனோ இறந்து நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னர், ஐந்து கிலோகிராம் நிறையுள்ள ஒரு மரக்கூடு சமுத்திரத்தைக் கடந்தபோது, அதன் பின்னால் நின்றது நான்கு தலைமுறையினர் பொறுக்கியெடுத்த முறிந்த சிறகுகளின் பாடமாகும். கனத்தைச் சேர்த்து வீழ்ச்சியை எதிர்த்தோர் விரைவில் தோற்றனர். கனத்தைக் குறைத்து வீழ்ச்சிக்கு இணங்கி, உடைந்ததைத் திருத்தி மீண்டும் ஏவியோரே நெடுந்தூரம் சென்றனர்.